செவ்வாய்க்கிழமைச் சீப்புகள்

கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாள் செவ்வாய்க்கிழமை என்று முடிவு செய்த அதிகாரிக்கு மாமியார் இருந்திருக்க மாட்டார். இருந்திருந்தாலும் அவர் கொங்கு நாட்டு மாமியாராக இருந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் பக்கம் செவ்வாய்க்கிழமை புதுச் செருப்பைக்கூடக் காலில் மாட்ட மாட்டார்கள். "செவ்வாய் வெறுவாய்" என்று இரண்டே சொல்லில் வாரத்தில் ஒரு நாளைக் கழித்துக்கட்டியவர்கள். அந்த நாளில் வந்து, வயிற்றில் இருப்பதை முதன்முதலாக டாக்டரிடம் காட்டு என்றால் யார் வருவார்கள்? அரசாங்கத்துக்குச் செவ்வாய் தோஷம் கிடையாது, அதனால் அதற்கு இது புரியவும் இல்லை.

நான் கிராம சுகாதார செவிலியர். ஊருக்குள் நர்சம்மா. கோயம்புத்தூருக்குக் கிழக்கே, விசைத்தறிச் சத்தம் ஓயாத மூன்று ஊர்கள் என் பொறுப்பில். யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, பன்னிரண்டு வாரத்துக்குள் அவள் பெயரைப் பதிந்து, ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்கு ஒரு போலீஸ் நாயின் மூக்கும் ஒரு கல்யாணத் தரகரின் வாயும் வேண்டும். இரண்டும் எனக்கு இருந்தன.

மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். வெளியே என்றால் நான்தான். பல்லடத்தில் இருக்கும் நாத்தனாருக்கு அன்று மதியமே தெரிந்துவிடும். பக்கத்து வீதியில் நிற்கும் எனக்கு மட்டும் தெரியக் கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும். என் கண் என்ன அவ்வளவு மோசமான கண்ணா என்று ஒருத்தியிடம் கேட்டே விட்டேன். "அப்படியெல்லாம் இல்லீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வயிற்றின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அந்த மரியாதைதான் என் தொழிலின் முதல் எதிரி. எங்கள் பேச்சில் மறுப்பு என்று ஒன்று கிடையாது. "வாரமுங்க" என்பார்கள். வர மாட்டார்கள். முதல் பிரசவம் பெண் வீட்டார் பொறுப்பா, மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பா என்ற விஷயத்தில் ஒரு வீட்டில் சம்பந்திகள் இருவரும், "நீங்க பெரியவங்க, நீங்களே கூட்டிட்டுப் போங்க", "அதெப்படிங்க, உங்க புள்ளைங்க, நீங்களே போங்க" என்று போனில் மாற்றி மாற்றி மரியாதை செய்துகொண்டதில் ஐந்து வாரம் போனது. அந்தப் பெண் நடுவில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டிருந்தால்கூட ஒரே நாளில் முடிந்திருக்கும்.

அதனால் நானாகத்தான் மோப்பம் பிடிக்க வேண்டியிருந்தது. தறிக் குடோன்தான் எனக்கு வசதி. தறிக்குப் புதுப் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏற்றும் நாளில் அதில் போட்ட கஞ்சியின் வாடை குடோன் முழுக்க நிற்கும். வேலை செய்கிறவர்களுக்கு அது மூக்கில் ஏறாது, பழகிப்போனது. ஆனால் நாள் தள்ளிப்போனவள் அந்த வாடையில் பத்து நிமிடம் நிற்க மாட்டாள். பாவு ஏற்றும் நாளில் போய் நின்று, யார் வாசலுக்கு ஓடுகிறாள், யார் நாலு மணி டீயைத் தொடாமல் வைக்கிறாள் என்று பார்த்துக்கொள்வேன். இந்த ரகசியத்தை நானே பெருமையாக எல்லாப் பெண்களிடமும் சொல்லியும் வைத்திருந்தேன். புத்திசாலிகள் அப்படிச் செய்வதில்லை.

அந்தக் குடோனை ஒட்டிய வீட்டில் ஒரு மருமகள். இருபத்திரண்டு வயது, பன்னிரண்டாவது வரை படித்தவள், கல்யாணமானதும் தறிக்கு வந்தவள். அவள் வாசலுக்கு ஓடியதைப் பார்த்த அன்றே வீட்டுக்குள் போய்விட்டேன். மாமியார் எனக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார். அதற்கப்புறம் நான்கு வாரம், ஒவ்வொரு வாரமும் மோர்தான் கிடைத்தது.

"வரமாட்டோம்னு சொல்லலீங்க நர்சம்மா. செவ்வாக்கெழம வேண்டாங்கறமுங்க. புதங்கெழம கூட்டிட்டு வாரமுங்க."

"புதங்கெழம தடுப்பூசி நாளுங்கக்கா."

"அப்ப வியாழக்கெழம."

"அன்னைக்கு டாக்டர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவாங்க."

"பாருங்க, டாக்டரம்மாவுக்கே நேரம் ஒழியலீங்க. தறி ஓட்டற புள்ளைக்கு எப்படிங்க ஒழியும்?"

நான்காவது முறை மோர் டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் எனக்கு அது தோன்றியது. போன மாதம் இதே அம்மாள் பழனிக்குப் புறப்பட்டபோது நாள் சரியில்லை என்று முந்தின நாளே துணிப்பையை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தார். பரஸ்தானம் என்பார்கள். நல்ல நாளில் ஒரு சாமான் வாசலைத் தாண்டி இன்னோர் இடத்துக்குப் போய்விட்டால் பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எமகண்டத்தில் கிளம்பினாலும் குற்றமில்லை. கடவுளுக்கே தேதி மாற்றிக் காட்டும் ஏற்பாடு அது.

"சரிங்கக்கா" என்றேன். "மருமகளோட சாமான் ஏதாச்சும் ஒண்ணைத் திங்கக்கெழமயே எங்கிட்டக் குடுத்துருங்க. நான் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில வெச்சர்றேன். செவ்வாக்கெழம அவ புதுசா எங்கயும் போகலீங்க. வெச்ச சாமானை எடுத்துட்டு வரப் போறா, அவ்வளவுதான்."

அந்த அம்மாள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சீப்பை எடுத்து வந்தார். "சீப்பு மங்கலமான பொருளுங்க" என்றார். "திங்கக்கெழம ஏழரை ஒம்பது ராகு காலமுங்க. ஒம்பது மணிக்கு மேல எடுத்துட்டுப் போங்க."

அந்தப் பெண் வந்தாள். ஆனால் அதற்குள் நான்காவது மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. எனக்கு வந்த ஆத்திரத்தில், வரிசையில் இருபது பெண்கள் உட்கார்ந்திருக்க, "படிச்ச புள்ளதானே, அறிவு வேண்டாமா? உன்ற ஒடம்பைப் பத்தி நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா?" என்று கேட்டுவிட்டேன். மாமியாரைக் கேட்க வேண்டியதை மருமகளைக் கேட்டேன். அவள்தான் கைக்கு எட்டினாள். "தப்புதானுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். குழந்தை எடை குறைவாகப் பிறந்தாலும் நல்லபடியாகப் பிறந்தது. நான் கேட்டதை நான் மறந்துபோனேன்.

சீப்பு வழக்கம் மட்டும் பிடித்துக்கொண்டது. மூன்று ஊர்களிலும் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மேல் காகிதத்தில் சுற்றிப் பெயரெழுதிய சீப்புகள் என் மஞ்சள் பைக்குள் விழும். மதியம் மருந்து வாங்க எப்படியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவேன், அங்கே மேசை இழுப்பறையில் வைத்துவிடுவேன். மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கிறவளிடம் யாராவது "எங்கீங்க போறீங்க?" என்றால், "சீப்பு எடுக்கப் போறனுங்க" என்பாள். பொய்யும் இல்லை, கண்ணும் படாது. டாக்டர் ஒரு நாள் வேறு எதையோ தேடி இழுப்பறையைத் திறந்தார்.

"சிஸ்டர், பேன் ஒழிப்பு முகாம் ஏதாவது நடத்தறீங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் நகரத்தில் வளர்ந்தவர். விளக்கிச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அந்த மாதம், கருவுற்று மூன்று மாதத்துக்குள் வந்தவர்களின் வரிசை நீண்டதைப் பார்த்த பிறகு இழுப்பறையில் ஒரு வெள்ளைத் துணியை அவரே விரித்து வைத்தார். ஒரே ஒரு திருத்தம் நான் செய்ய வேண்டியிருந்தது. ஒருத்தி நிஜமாகவே சீப்பை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து, சீப்பைக் கையில் வாங்கியவர் வரிசையில் உட்கார்ந்து டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டேன். அதில் நான் கறாராக இருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து என் கதை. எனக்கு நாற்பத்தொரு வயது. மகள் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில். நாள் தள்ளிப்போனது. ஊரில் எல்லாருக்கும் தேதி கூட்டிச் சொல்கிறவள் எனக்கு நானே ஒரே மூச்சில் தீர்ப்பெழுதினேன். வயசாகிவிட்டது, நின்றுவிட்டது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டினேன். பிறகு ஒரு நாள் பாவு ஏற்றிய குடோனுக்குள் கால் வைத்தேன். வைத்த காலை அப்படியே வெளியே எடுத்துக்கொண்டு வேலியோரம் ஓடினேன்.

என் பையில் கர்ப்பப் பரிசோதனை அட்டைகள் ஏழெட்டு இருந்தன. ஒவ்வொன்றுக்கும் யாருக்குப் பயன்படுத்தினேன் என்று பெயர் எழுத வேண்டும். அதனால், இருக்கிற அட்டையை விட்டுவிட்டு, பஸ் ஏறி காந்திபுரம் போய், என்னைத் தெரியாத மருந்துக் கடையில் ஒன்று வாங்கி, ஒரு பெரிய ஜவுளிக் கடையின் மூன்றாவது மாடிக் கழிப்பறையில் நின்று பார்த்தேன். இரண்டு கோடு. இறங்கி வரும்போது சேலைப் பிரிவில் ஒரு பெண் "என்ன பார்க்கறீங்கக்கா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் ஒரு சேலை வாங்கினேன். வெந்தயக் கலர். இன்றுவரை கட்டியதில்லை.

வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துச் சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்கே டாக்டரைப் பார்த்தர்லாமா?" என்றார்.

"மூணு மாசம் முடியட்டுங்க" என்றேன். என் வாய்தான் சொன்னது.

வெட்கம் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். கல்லூரிக்குப் போகும் மகளை வைத்துக்கொண்டு இந்த வயதில் எப்படிக் கர்ப்பிணி அட்டை வாங்குவது, மற்ற செவிலியர்கள் என்ன பேசுவார்கள் என்றெல்லாம். வெட்கமும் இருந்தது, ஆனால் அது மேலே போர்த்திய துணி. அடியில் இருந்தது பயம். மகள் பிறந்து எட்டு வருடம் கழித்து ஒன்று தங்கி, ஐந்தாம் மாதத்தில் போனது. சர்க்கரை ஏறியிருந்ததை அப்போது தாமதமாகத்தான் கண்டுபிடித்தார்கள். போன வருடம் பார்த்தபோதும் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. ஆரம்ப வாரங்களில் சர்க்கரை ஏறினால் உள்ளே உருவாகும் இதயத்தை அது கெடுக்கும் என்று நூறு பெண்களிடம் ஒப்பித்திருக்கிறேன். விரலில் குத்திப் பார்க்கும் கருவி என் பைக்குள்ளேயே இருந்தது. ஊரார் விரலையெல்லாம் குத்தினேன். என் விரலைக் குத்தவில்லை. எண்ணைப் பார்க்காதவரை அந்தக் குழந்தை நன்றாக இருந்தது, அவ்வளவுதான் என் மருத்துவ அறிவு.

முதல் செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம் என்று தள்ளினேன். அடுத்த வாரம் பயிற்சி வகுப்பு. அதற்கடுத்த செவ்வாய் அஷ்டமி. ஆமாம், அஷ்டமி. தினசரிக் காலண்டரில் நானே பார்த்து, நானே "சரி, இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டேன். என்னைத் தேடி ஒரு நர்சம்மா வந்திருந்தால் மோர் கொடுத்து உட்கார வைத்திருப்பேன்.

இதற்கிடையே அந்தத் தறி வீட்டு மருமகளுக்கு இரண்டாவது. இந்த முறை ஏழாவது வாரத்திலேயே அவளாகவே என்னிடம் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை சீப்பு வாங்கப் போனபோது குடோனில் புதுப் பாவு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலிலேயே வண்டியை நிறுத்திக் கூப்பிட்டேன்.

"உள்ள வாங்க நர்சம்மா" என்றாள்.

"சோலி கெடக்குது கண்ணு. இங்கயே குடு."

"போன வாரமும் இங்கயேதானுங்க நின்னீங்க. டீயும் வேண்டாம்னுட்டீங்க." சிரிக்காமல் சொன்னாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து மாமியார் வெளியே வந்து, ரேஷன் கார்டில் பேத்தி பேர் சேர்க்கும் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னென்னவோ கேட்டார். எல்லாம் அவருக்குத் தெரிந்த விஷயம். பத்து நிமிடம் நின்று படித்துச் சொன்னேன். என் பை வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது மருமகள் ஒரு சின்ன மூட்டையைக் கொடுத்தாள். "இந்த வீதி சீப்பெல்லாம் ஒண்ணாக் கட்டிப்போட்டனுங்க. அங்க போய் பிரிச்சாப் போதுமுங்க." மணி ஒன்பதே கால். நான் அதை வாங்கிக்கொண்டு போய், என் கையாலேயே இழுப்பறையில் வைத்தேன்.

மறுநாள் அந்த வீதியிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். மூட்டையைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். நாலும் தீர்ந்த பிறகும் துணியில் ஒரு சீப்பு இருந்தது. காகிதம் சுற்றவில்லை, பெயரும் இல்லை. பழுப்பு நிறம், இரண்டு பல் உடைந்தது, பிடியில் என் மகள் பள்ளிக்கூட நாளில் ஒட்டிய பொம்மைப் படம் பாதி உரிந்து நின்றது. என் பையிலிருந்து தவறி விழுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். நிமிர்ந்தால், நாலு பேரில் ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. நாலு பேரும் ஓடாத மின்விசிறியை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்னுதாச்சே" என்றேன்.

"ஆமாங்க நர்சம்மா" என்றாள் தறி வீட்டு மருமகள். "நேத்து ஒம்பது மணிக்கு மேலதானுங்க கட்டினோம். அத்தை காலண்டர் பார்த்துச் சொன்னாங்க. நல்ல நேரமுங்க."

"இதை எதுக்கு இங்க வெச்சீங்க?"

"கையில வாங்கினவங்க வரிசையில உக்காரோணுமுங்க. நீங்க சொன்னதுதானுங்க."

எனக்குக் கோபம் வந்தது. இது என்னுடைய மேசை, என்னுடைய இழுப்பறை, என்னுடைய வேலை நேரம். வரிசையைச் சரிபார்க்க வேண்டியவள் நான். வாயைத் திறந்தேன். திட்டுவதற்குத்தான் திறந்தேன், அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் மூடிக்கொண்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தி, "எத்தன வாரமுங்க?" என்றாள்.

"பதினொண்ணு." அதற்கு முன் அந்த எண்ணை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப இன்னும் நேரமிருக்குதுங்க."

இரண்டு வருடத்துக்கு முன்பு இதே அறையில் இதே பெஞ்சில் நான் அவளைக் கேட்டது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளுக்கு மறந்திருக்காது. அறிவு வேண்டாமா என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம், கேட்கவும் நியாயம் இருந்தது. கேட்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் முறை முடிந்தது. உள்ளேயிருந்து டாக்டர், "அடுத்தது யாருங்க?" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க என்ன இங்க உக்காந்திருக்கீங்க?"

"சீப்பு எடுக்க வந்தேன் டாக்டர்" என்றேன்.

டாக்டர் சீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அட்டை எழுதுவது என் வேலை. அன்று பேனாவை என்னிடம் தரவில்லை. புது அட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, என்னோடு ஆறு வருடமாக வேலை செய்கிறவர், "பேர் சொல்லுங்க" என்று கேட்டார். சொன்னேன். பிறகு என் விரலைப் பிடித்துக் குத்தினார்.

சர்க்கரை ஏறித்தான் இருந்தது. அந்த வாரமே இன்சுலின் ஊசி ஆரம்பித்தார்கள். அடுத்து வந்த ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வாரத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளையும் எண்ணிக் காட்டும்வரை. அந்த இதயத்துக்குச் சொந்தக்காரிக்கு இப்போது மூன்று வயது. சீப்பில் இப்போது ஆறு பல் இல்லை. நான்கை உடைத்தது அவள்தான்.